பிந்திய விமானமும் பெறவேண்டிய நட்டஈடும்

கப்பலேறிக் கடல் கடந்த காலத்தில் ஒரு நாட் பிந்துவதை எவரும் பெரிதாகப் பேசியதில்லை. காற்றும் கடலும் இடங்கொடுத்தபோது கப்பல் வந்து சேரும். துறைமுகத்திற் காத்து நின்றோரும் அதனை அறிந்தே நின்றனர். ஆகாய விமானம் வந்த பின்னர்தான் பிரயாணத்துக்கு நிமிடக் கணக்கு வந்தது. இத்தனை மணிக்குப் புறப்படும், இத்தனை மணிக்கு இறங்கும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள். அந்த மணிக்கணக்கை நம்பியே நாமும் கலியாணத்துக்கு முகூர்த்தம் குறிக்கிறோம். மரணக்கிரியைக்கும் நேரம் வைக்கிறோம். விமானம் பிந்தினால், அல்லது புறப்படாமலே போனால், அக்கம்பனி நமக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை எழுதத் தூண்டியது பாரிசு நகரிலிருந்து அன்பரொருவர் அனுப்பிய கடிதம். ஊரில் அவருடைய தாயார் காலமான செய்தி கிடைத்ததும், அவரும் மனைவியாரும் எட்டும் பதினொன்றும் வயதான பிள்ளைகள் இருவரும் கிடைத்த விமானத்திற் சீட்டெடுத்திருக்கிறார்கள். வளைகுடா நகரமொன்றில் இறங்கி, அதே கம்பனியின் வேறொரு விமானத்தில் ஏறிக் கட்டுநாயக்கவுக்கு அதிகாலை மூன்றரை மணிக்கு வந்து சேரவேண்டும். உச்சிப் பொழுதுக்குள் யாழ்ப்பாணம் போய்விடலாம். பிற்பகல் நாலு மணிக்குப் பிரேதம் எடுப்பதென்று வீட்டார் நேரம் வைத்திருந்தனர். ஏற்கெனவே மூன்று நாள் வைத்திருந்தமையால் அதற்கு மேலும் பிற்போட இயலாத நிலை.

பாரிசில் விமானம் இயந்திரக் கோளாறு என்று கூறி ஒரு மணி ஐம்பது நிமிடம் பிந்திப் புறப்பட்டது. அவ்வளவே. ஆனால் வளைகுடா நகரில் அடுத்த விமானம் அவர்களை விட்டுப் போய்விட்டது. கட்டுநாயக்கவில் இறங்கியபோது பகல் பன்னிரண்டரை மணி. வீட்டுப் படலையைத் திறந்தபோது இரவு ஒன்பதாகிவிட்டது. தாயாரின் முகத்தை மகன் காணவில்லை, பேரப்பிள்ளைகளும் காணவில்லை. மறுநாட் காடாத்துக்கே அவர் கை உதவிற்று.

சில வாரங் கழித்துக் கம்பனியிடமிருந்து வருத்தந் தெரிவித்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. ஆளுக்கு நூறு யூரோ வீதம் அடுத்த பிரயாணத்திற் கழித்துக்கொள்ளத்தக்க பற்றுச்சீட்டும் அதனுடன் இருந்தது. அன்பர் அதனைத் தொடவில்லை. அவருடைய நண்பர் ஒருவர், “இது போதாது, சட்டப்படி பெருந்தொகை கிடைக்கும், கேள்” என்கிறார். மாமனாரோ, “தாயின் சாவிலே காசு தேடுவதா, தம்பி? ஊர் என்ன சொல்லும்?” என்கிறார். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, கேட்க உரிமை உண்டா, கேட்பது தகுமா என்று அன்பர் நம்மிடம் வினவியிருக்கிறார். கம்பனியின் பெயரை நாம் இங்கே குறிக்கவில்லை. இத்தகைய கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி எழுதக்கூடிய குடும்பங்கள் பல உள.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆந் திகதி ஓர் ஒழுங்குவிதியை ஆக்கிற்று. 261/2004 என்பது அதன் இலக்கம். 2005 பெப்ரவரி 17 முதல் அது நடைமுறையில் உள்ளது. சுவிற்சலாந்து, நோர்வே, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளும் ஒன்றியத்தில் அங்கம் பெறாவிடினும் இவ்விதியைக் கைக்கொள்கின்றன. இவ்விதி நட்டஈட்டைத் தூரத்தைக் கொண்டு வரையறுக்கிறது. 1,500 கிலோமீற்றர் வரையுள்ள பயணத்துக்கு 250 யூரோ. அதற்கு மேல் 3,500 கிலோமீற்றர் வரை 400 யூரோ. 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்டதற்கு 600 யூரோ. (ஒன்றியத்துக்குள்ளேயே நிகழும் பயணமாயின் எத்துணை நீண்டதாயினும் 400 யூரோவே.) சீட்டு மலிவாக வாங்கியதா, விலையுயர்ந்த ஆசனமா என்ற பேதம் இதிற் கிடையாது. முந்நூறு யூரோவுக்குச் சீட்டு வாங்கியவரும் அறுநூறு யூரோ நட்டஈடு பெறலாம். இது கம்பனிகளுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் மனக்குறை.

தூரத்தை எவ்வாறு அளப்பது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். பூகோளத்தின் மீது இரண்டு ஊர்களுக்கிடையே நூலொன்றை இறுகப் பிடித்தால் அது எவ்வழி செல்லுமோ அவ்வழியே அளக்கவேண்டும். பூகோள பாடத்திற் பெருவட்டம் என்று படிப்பது இதுவே. விமானம் இடையில் எங்கெங்கே வளைந்து சென்றாலும், எந்நகரில் இறங்கி ஏறினாலும், தொடங்கிய ஊருக்கும் முடிவில் அடையும் ஊருக்கும் இடைப்பட்ட நேர்த்தூரமே கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 இல் தீர்த்திருக்கிறது. பாரிசிலிருந்தோ இலண்டனிலிருந்தோ கொழும்புக்குத் தூரம் 8,000 கிலோமீற்றருக்கு மேல். ஆதலால் நமது பயணங்கள் யாவும் மேல்வகுப்பிலேயே அடங்கும்.

இனி ஒரு சுவையான வரலாறு. அவ்விதியின் வாசகத்தைப் படித்தால், விமானம் இரத்தாகும்போதும், சீட்டிருந்தும் ஏற்ற மறுக்கும்போதுமே இந்தப் பணம் உண்டு என்று காணப்படும். தாமதத்துக்குப் பணம் உண்டென்று அதில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. இதனைக் கம்பனிகள் நன்றாகப் பயன்படுத்தின. 2005 ஆம் ஆண்டு ஒரு குடும்பம் ரொறன்ரோவிலிருந்து ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகருக்குத் திரும்பியபோது ஏறத்தாழ 25 மணி பிந்தி வந்து சேர்ந்தது. கம்பனி, “விமானம் இரத்தாகவில்லை, பிந்தியது மாத்திரமே” என்றது. ஒரு நாள் முழுவதும் போயிற்று. ஆனால் பெயர் தாமதம் என்பதால் ஒரு சதமும் இல்லை. வழக்கு லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றது. 2009 நவம்பர் 19 ஆந் திகதி வெளியான தீர்ப்பில், இரத்தான விமானத்தால் நேரமிழந்தவனும் பிந்திய விமானத்தால் நேரமிழந்தவனும் ஒரே இழப்பை அடைந்தவர்களே என்று நீதிமன்றம் கண்டது. சேருமிடத்தை மூன்று மணியோ அதற்கு மேலோ பிந்தி அடைந்தால் அதே தொகை உரியது என்றும் தீர்த்தது. போன நேரத்தை மீட்க வழியில்லை, ஆகையாற் பணத்தாலன்றி வேறெதனாலும் அதனை ஈடு செய்ய இயலாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. கம்பனிகள் இதனை ஏற்க மறுத்து மறுபடியும் வழக்காடின. 2012 ஒக்டோபரில் நீதிமன்றம் அதே தீர்ப்பை உறுதி செய்தது.

அன்பரின் மாமனாருக்கு மறுமொழி இத்தீர்ப்பிலேயே உளதென்பது நம் எண்ணம். அவர் சொல்வதை நாம் எளிதில் ஒதுக்கமாட்டோம். சாவீட்டிற் பணப்பேச்சு எடுப்பது நம்மவரிடையே என்றும் அடாத காரியம். பெரியவர் ஒருவருக்கு அது அருவருப்பைத் தருவது இயல்பே. ஆனால் சட்டம் இங்கே துக்கத்துக்கு விலை வைக்கவில்லை. கடற்கரைக்கு உலாவ வந்தவரும், கொள்ளி வைக்க வந்த மகனும் அதன் கண்ணில் ஒன்றே. இருவரும் இழந்த மணிகளை மாத்திரமே அது எண்ணுகிறது. சீட்டு விற்கும்போது கம்பனி கொடுத்த வாக்கு நிறைவேறாமற் போனதற்காகச் சட்டம் விதித்த கடன் அது. கேளாமல் விட்டால் அப்பணம் இறந்த அம்மையார் பெயரால் எந்தத் தருமத்துக்கும் போகப்போவதில்லை. கம்பனியின் பேரேட்டிலேயே கிடக்கும். வாங்கிய பின்னர் அதனைக் கையால் தொட மனமில்லையாயின், அந்தியேட்டியன்று அன்னதானத்துக்கோ ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ கொடுத்துவிடலாம். அது அன்பரின் விருப்பம். கேட்பதில் இழுக்கில்லை என்பது நமது துணிபு.

ஒரு மணி ஐம்பது நிமிடந்தானே பிந்தியது, மூன்று மணி ஆகவில்லையே என்று கம்பனி எழுதக்கூடும். பலர் ஏமாந்து பின்வாங்குவது இங்கேதான். இவ்விடயமும் முன்னமே தீர்ந்துவிட்டது. ஜேர்மனியின் பிறேமன் நகரிலிருந்து பாரிசு வழியாகவும் பிரேசிலின் சாவோ பவுலோ வழியாகவும் பராகுவே நாட்டின் அசுன்சியோனுக்குச் சென்ற பயணி ஒருவரின் விமானம், பிறேமனிற் புறப்பட்டபோது ஏறத்தாழ இரண்டரை மணியே பிந்தியிருந்தது. இணைப்பு விமானங்கள் தவறியமையால் முடிவில் அவர் பதினொரு மணி பிந்திச் சேர்ந்தார். முடிவான இடத்தை எப்போது அடைந்தார் என்பதே கணக்கு என்று 2013 பெப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறிற்று. நமது அன்பர் ஒன்பது மணி பிந்தினார். நால்வரும் கட்டணம் செலுத்திச் சென்றவர்கள். ஆளுக்கு 600 யூரோ. மொத்தம் 2,400 யூரோ. நானூறு யூரோவுக்குக் கழிவுச்சீட்டு அனுப்பியவர்கள் இந்தக் கணக்கை அறியாதவர்கள் அல்லர்.

ஆனால் இங்கே ஒரு நிபந்தனையை மறக்கலாகாது. முழுப் பயணமும் ஒரே பதிவிற் செய்யப்பட்டிருக்க வேண்டும். சிறிது பணம் மிச்சம் பிடிப்பதற்காகப் பாரிசிலிருந்து வளைகுடா வரை ஒரு சீட்டும், அங்கிருந்து கொழும்புக்கு வேறொரு சீட்டுமாகத் தனித்தனியே வாங்குவோர் உண்டு. அவர்களுக்கு முதல் விமானம் இரண்டு மணி பிந்தி, இரண்டாவது போய்விட்டால், இவ்விதியின்படி கேட்பதற்கு வழியில்லாமற் போகும். ஒரே பதிவாயின் இரண்டாவது விமானம் ஐரோப்பாவுக்கு வெளியே, வேறொரு நாட்டுக் கம்பனியின் கையிற் பிந்தினாலும் உரிமை உண்டு. பிராக்கிலிருந்து அபுதாபி வழியாக பாங்கொக் சென்ற பயணிகளின் வழக்கு இதற்குச் சான்று. முதல் விமானம் செக் நாட்டுக் கம்பனியுடையது. அது நேரத்துக்குப் போயிற்று. அபுதாபியிலிருந்து சென்ற பிற நாட்டுக் கம்பனியின் விமானமே எட்டு மணிக்கு மேற் பிந்திற்று. ஆயினும் சீட்டை விற்று முதற்பகுதியை ஓட்டிய செக் கம்பனியே பணம் கட்டவேண்டும் என்று 2019 ஜூலையில் தீர்ப்பாயிற்று.

அடுத்தது இயந்திரக் கோளாறு. இந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மவர் அடங்கிப் போகிறார்கள். பழுதான விமானத்திற் பறப்பதிலும் பிந்துவது நல்லதல்லவா என்று தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். பிந்தியது நல்லதே, பழுதோடு பறக்கும்படி எவருங் கேட்கவில்லை. அப்பழுதினால் வந்த நட்டத்தை யார் தாங்குவது என்பதே கேள்வி. முயன்றும் தவிர்க்க இயலாத அசாதாரண நிலைமையால் நேர்ந்ததென்று கம்பனி நிரூபித்தால் மாத்திரமே அது நட்டஈட்டிலிருந்து தப்பலாம் என்கிறது விதி. நிரூபிக்கும் பாரம் கம்பனியின் தலையில். பயணியின் தலையில் அன்று. இயந்திரங்கள் பழுதாவது விமானத் தொழிலோடு கூடப்பிறந்தது, ஆதலாற் சாதாரணப் பழுது அசாதாரண நிலைமை ஆகாது என்று 2008 டிசம்பரில் வியன்னாப் பயணி ஒருவரின் வழக்கிலே தீர்ப்பு வந்தது. எக்குவடோரின் கீற்றோ நகரிலிருந்து அம்ஸ்ரடாமுக்கு 29 மணி பிந்தி வந்த விமானத்தின் வழக்கில், பழுதான எரிபொருட் பம்பி தன் ஆயுட்காலம் முடியாத உறுப்பு, முன்னறிவிப்பின்றிக் கெட்டது என்று கம்பனி வாதித்தது. அதனையும் நீதிமன்றம் 2015 இல் ஏற்கவில்லை.

எவை அசாதாரணமானவை? கடும் புயல், விமான நிலையம் மூடப்படல், வான்வழிக் கட்டுப்பாட்டாளரின் வேலைநிறுத்தம், யுத்தம், பாதுகாப்பு அபாயம் முதலியன. பறவை மோதுவதும் அப்படியே என்று 2017 இல் முடிவாயிற்று. கம்பனியின் சொந்த விமானிகள் சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்க வழியாக வேலைநிறுத்தஞ் செய்தால் அது அசாதாரணமன்று; 2021 மார்ச்சில் வந்த தீர்ப்பு இது. துணை விமானி ஒருவர் புறப்படுவதற்குச் சற்று முன்னர் எதிர்பாராமல் இறந்த வழக்கிலும் 2023 மே மாதத்தில் நீதிமன்றம் இவ்வாறே கூறிற்று. ஊழியர் நோயுறுவதும் இறப்பதும் தொழில் நடத்துவோர் எதிர்பார்த்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியவை என்பது அதன் நியாயம். சற்றுக் கடுமையாகவே நமக்குப் படுகிறது. ஆயினும் சட்டம் அவ்வாறு நிற்கிறது.

மூன்று மணி என்பது எந்தக் கணத்தில் நிறைவெய்துகிறது? இதற்கும் ஒரு வழக்கு நடந்ததென்றால் நேயர்கள் சிரிப்பார்கள். சால்ஸ்பேர்க் நகரிலிருந்து கொலோனுக்குச் சென்ற விமானமொன்றின் சக்கரங்கள் நிலத்தைத் தொட்டபோது 2 மணி 58 நிமிடம் பிந்தியிருந்தது. தரிப்பிடத்தில் வந்து நின்றபோது 3 மணி 3 நிமிடம் ஆயிற்று. தொட்ட நேரமே கணக்கென்று கம்பனி. இறங்க இயலாமல் உள்ளே இருந்தவனுக்கு அது வந்த நேரமா என்று பயணி. கதவுகளுள் ஒன்றேனும் திறக்கப்பட்டு, பயணிகள் வெளியேறலாம் என்ற நேரமே வந்த நேரம் என்று 2014 செப்டெம்பரில் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே, விமானம் நின்றதும் பெட்டியை இறக்குவதற்கு அந்தரப்படாமற் கடிகாரத்தைப் பார்த்து, கதவு திறந்த நேரத்தைக் குறித்துக்கொள்க. பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால் அவர்கள் நம்மிலும் நுட்பமாகச் செய்வார்கள்.

இந்த மூன்று மணி எல்லையை நாலு மணியாகவும், நெடுந்தூரப் பயணத்துக்கு ஆறு மணியாகவும் உயர்த்தவேண்டும் என்று 2025 ஜூனில் ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் முன்மொழிந்தனர். ஆதலால் விண்ணப்பம் எழுதுவோர் தமது பயண நாளில் நடைமுறையிலிருந்த விதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நெடுந்தூரப் பயணத்திற் பிந்தியது மூன்று மணிக்கு மேல் நாலு மணிக்குள் என்றால் 600 யூரோவைப் பாதியாகக் குறைக்கவும் கம்பனிக்கு இடமுண்டு.

விமானம் இரத்தானால், புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னரே அறிவித்திருந்தால் நட்டஈடு இல்லை. அதற்குப் பின் அறிவித்தால், ஏறத்தாழ அதே நேரத்தில் வேறு விமானம் ஒழுங்கு செய்து கொடுத்தாலன்றி நட்டஈடு உண்டு. அதுவன்றிச் சீட்டுப் பணத்தை ஏழு நாளுக்குள் திரும்பப் பெறுவதா, வேறு விமானத்திற் செல்வதா என்று தெரிந்துகொள்ளும் உரிமை பயணிக்கே உரியது.

காத்திருக்கும் நேரத்தில் உணவும் பானமும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும், அங்கே போகவர வாகனமும் கம்பனி தரவேண்டும். இரண்டு முறை தொலைபேசியிற் பேசவோ, டெலெக்ஸ், தொலைநகல், மின்னஞ்சல் அனுப்பவோ வசதி செய்தல் வேண்டும் என்றும் விதி கூறுகிறது. 2004 இலும் டெலெக்ஸை மறவாமல் எழுதிய அதிகாரிகளை நாம் மெச்சுகிறோம். இப்பராமரிப்புக்கு அசாதாரண நிலைமை என்ற விலக்கும் கிடையாது. 2010 ஏப்ரிலில் ஐஸ்லாந்து எரிமலை புகை கக்கி ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது, போர்த்துக்கலில் ஏறத்தாழ ஒரு வாரம் அகப்பட்ட பயணியொருவர் தாம் உண்டு தங்கிய செலவாக ஏறத்தாழ 1,130 யூரோ கேட்டார். நட்டஈடு இல்லையெனினும் பராமரிப்புச் செலவு உண்டு என்று 2013 ஜனவரியில் நீதிமன்றம் கூறிற்று. கம்பனி ஒன்றுந் தராவிடின் நியாயமான அளவிற் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துக. வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்றுப் பொதிக்குப் பற்றுச்சீட்டு இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இனிக் கேட்கும் முறை. விமானச்சீட்டின் பதிவிலக்கம், ஏறும்போது தந்த அனுமதிச்சீட்டு, பிந்தியதை அறிவித்த செய்தி ஆகியவற்றை வைத்திருந்தாற் போதும். கம்பனிக்கு நேரே எழுதலாம். அநேகமாக அவர்களிடமே அதற்கென ஒரு படிவம் இருக்கும். பயணிகளின் பெயர், விமான இலக்கம், திகதி, சேரவேண்டிய நேரம், சேர்ந்த நேரம், கேட்கும் தொகை ஆகியவற்றுடன் 261/2004 இலக்க ஒழுங்குவிதியின் 7 ஆம் பிரிவு என்றும் குறிப்பிட வேண்டும். பயணப்பட்ட துயரக் கதையை நாலு பக்கம் எழுதவேண்டாம். அதனை வாசிப்பவர் இரக்கங்கொண்டு ஒரு யூரோவும் கூட்டப் போவதில்லை.

பணமாகவே தரவேண்டும், பயணி கையொப்பமிட்டு உடன்பட்டாலன்றிக் கழிவுச்சீட்டுத் தரலாகாது என்பது அதே 7 ஆம் பிரிவு. நமது அன்பர் பற்றுச்சீட்டைத் தொடாமல் விட்டது நல்ல காரியம். கம்பனி மறுத்தால், அல்லது இரண்டு மாதமாகியும் மறுமொழி இல்லையாயின், புறப்பட்ட நாட்டில் இவ்விதியை மேற்பார்க்கும் அரசாங்க நிலையத்துக்கோ மத்தியஸ்தருக்கோ எழுதலாம். இறுதியிற் சிறுவழக்கு நீதிமன்று உண்டு. இப்பணத்தை வாங்கித் தருவதாக விளம்பரஞ் செய்யும் கம்பனிகளும் இருக்கின்றன. வென்றாற் காற்பங்கோ மூன்றிலொரு பங்கோ, சிலவேளை அதற்கு மேலுமோ கழித்துக்கொள்வார்கள். வழக்காடும் தெம்பில்லாதவர்க்கு அவர்கள் உதவியே. ஆயின் முதற் கடிதத்தைத் தாமே எழுதிப் பார்க்காமல் அவர்களிடம் ஓடுவது வீண் செலவு. பாடசாலையில் அந்நாட்டு மொழியைக் கற்ற பிள்ளையொன்று எல்லா வீடுகளிலும் இருக்கிறதே.

காலக்கெடு நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரான்சில் ஐந்து ஆண்டு. ஜேர்மனியில் அவ்வாண்டின் இறுதியிலிருந்து மூன்று ஆண்டு. இங்கிலாந்தில் ஆறு ஆண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த பயணம் என்று கைவிட்டிருப்போர் பழைய மின்னஞ்சல்களைக் கிளறிப் பார்க்கலாம்.

பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு நீங்கிய பின்னரும் இவ்விதியைத் தன் சட்டமாகவே வைத்துக்கொண்டது. அங்கே தொகைகள் 220, 350, 520 பவுண். இலண்டனிற் புறப்படும் எந்நாட்டு விமானத்துக்கும் அது செல்லும். வளைகுடாவில் மாறிச் செல்லும் பயணத்துக்கும் செல்லும் என்று இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 ஒக்டோபரிலேயே தீர்த்துவிட்டது.

கனடாவின் விதி வேறு வகையானது. 2019 டிசம்பர் 15 முதல் பெரிய கம்பனிகள் மூன்று மணிக்கு மேல் ஆறு மணிக்குள் பிந்தினால் 400 கனடிய டொலரும், ஒன்பது மணிக்குள் 700 டொலரும், அதற்கு மேல் 1,000 டொலரும் கொடுக்கவேண்டும் என்று ஏற்பட்டது. ஆனால் பாதுகாப்பின் பொருட்டுப் பிந்தியது என்றால் அங்கே பணம் இல்லை. ஐரோப்பா மூடிய வாசலைக் கனடா சற்றுத் திறந்தே வைத்திருக்கிறது. அன்றியும் ஓராண்டுக்குள் கம்பனியிடம் கேட்டாக வேண்டும். ரொறன்ரோ நேயர்கள் தாமதியாதிருப்பாராக.

இதுவரை சொன்னவை ஊருக்கு வரும் வழிக்கு. திரும்பும் வழி வேறு. ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து ஒன்றியத்துக்குச் செல்லும் விமானம் ஒன்றியத்துக் கம்பனியால் ஓட்டப்படும்போது மாத்திரமே 261/2004 பொருந்தும். சீட்டில் எக்கம்பனியின் பெயர் இருக்கிறது என்பதன்று, எக்கம்பனி விமானத்தை ஓட்டுகிறது என்பதே பொருள். ஜேர்மனியின் டுசல்டோவ் நகரிலிருந்து டுபாய் வழியாக மணிலாவுக்குப் போய்வர ஒரே சீட்டு வாங்கிய ஒருவரின் வழக்கில், போனதும் வந்ததும் இரண்டு பயணங்கள், திரும்பியது ஜேர்மனியிற் புறப்பட்ட பயணம் ஆகாது என்று 2008 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறிற்று. ஆகவே பாரிசிலிருந்து வந்து சேர்ந்த அதே குடும்பம், அதே கம்பனியில், அதே வழியே கட்டுநாயக்கவிலிருந்து திரும்பும்போது ஒன்பது மணி பிந்தினால் அந்த 2,400 யூரோவைக் கேட்க இயலாது. பிரித்தானிய விதியும் இவ்வகையினதே.

அவ்வேளையில் துணையாவது 1999 ஆம் ஆண்டு மொன்றியலில் ஆன சர்வதேச உடன்படிக்கை. 1929 இல் வார்சோ நகரில் ஆன பழைய உடன்படிக்கையின் இடத்தில் அது வந்தது. இலங்கையும் அதிற் சேர்ந்துள்ளது. நிலையான தொகை அதில் இல்லை. தாமதத்தால் உண்மையில் நேர்ந்த நட்டத்தை, அதாவது விடுதிச் செலவு, தவறிய புகைவண்டிச் சீட்டு, வீணாய்ப்போன வாடகை வண்டிக் கூலி முதலியவற்றைப் பற்றுச்சீட்டுகளோடு காட்டிக் கேட்கவேண்டும். தவிர்ப்பதற்கு வேண்டிய நியாயமான நடவடிக்கைகள் யாவும் எடுத்ததாகக் கம்பனி காட்டினால் அதுவும் இல்லை. வழக்கிடுவதற்கு இரண்டு ஆண்டுக் கெடு. பெட்டி பிந்தி வந்தாலும் இவ்வுடன்படிக்கையே பேசும்: பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும், உடைந்திருந்தால் ஏழு நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிடவேண்டும். பெட்டி வராதபோது விமான நிலையத்தை விட்டு நீங்குமுன்னரே அங்குள்ள கந்தோரில் முறைப்பாட்டுச் சீட்டு ஒன்று எழுதி வாங்கிக்கொள்க. எத்தனை மணியாயினும், வெளியே எத்தனை பேர் வானோடு காத்து நின்றாலும், அந்தச் சீட்டில்லாமல் வாசலைத் தாண்டவேண்டாம்.